தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம் போதாது

திருக்கடையூரில் மணிவிழாவோ சதாபிஷேகமோ முடித்து வெளியே வரும் குடும்பங்களிடம் வேன் ஓட்டுநர்கள் தவறாமல் சொல்வது இது: "பக்கத்துலயே தரங்கம்பாடி இருக்கு சார். கோட்டையப் பாத்துட்டு, கடல்ல கால நனச்சிட்டு, ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துடலாம். ஒரு மணி நேரம் போதும்." ஓட்டுநர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருட்டுவதற்குள் அவர் திருநள்ளாறையும் காட்டி, வேளாங்கண்ணியில் கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். என் சண்டை, அவர் வண்டிக் கணக்குக்காகச் சொன்னதை ஊரைப் பற்றிய தீர்ப்பாகவே எழுதிவிட்டவர்களோடு. பயணக் கட்டுரைகளைப் புரட்டுங்கள், காணொளிகளைப் பாருங்கள்: கோட்டை, எதிரே கடல், வழியில் இரண்டு பழைய தேவாலயம், அவ்வளவுதான் தரங்கம்பாடி, பார்க்க வேறொன்றும் இல்லை. நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தீர்ப்பு எந்த வேளையில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, தாத்தா பாட்டியை வண்டியில் ஏற்றும்போது மணி பன்னிரண்டரை. தரங்கம்பாடி எட்டு கிலோமீட்டருக்குள். ஆக, பட்டுப் புடவையும் மாலை வாசனையுமாக அவர்கள் கோட்டை முன் இறங்குவது உச்சி வெயிலில். கோட்டைக்கு முன்னால் திறந்த வெளி. ஒதுங்க நிழல் கிடையாது. மணல் கொதிக்கும். கரையில் படகுகள் சும்மா கிடக்கும், மீன் விற்றுத் தீர்ந்திருக்கும், தெருவில் கதவுகள் சாத்தியிருக்கும், ஊர் உண்டுவிட்டுப் படுத்திருக்கும். அந்த வேளையில் மெரினாவைக் காட்டினாலும்தான் யாருக்குப் பிடிக்கும்? ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னது அந்த நேரத்துக்குச் சரியான சாட்சியம். ஊருக்கு அது பொருந்தாது.

அடுத்த கோளாறு, கோட்டையையே ஊராக எண்ணுவது. டான்ஸ்போர்க் கோட்டை அழகானதுதான், மறுக்கவில்லை. 1620இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானின் கப்பல்கள் வந்தன. தஞ்சை ரகுநாத நாயக்கர் வாடகைக்கு இடம் கொடுத்தார். மிளகு வாங்கக் கோட்டை எழுந்தது. ரகுநாதர் தமிழில் எழுதி அனுப்பிய பொன் ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு நீண்ட காலம் பயணிகள் மாளிகையாக இருந்த கோட்டையை 1978இல் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கியது. கோட்டைக் கதை இவ்வளவில் அடங்கிவிடும். அதற்கு ஒரு மணி நேரம் என்ன, அரை மணி நேரமே போதும்.

ஆனால் ஊர் கோட்டைக்கு முந்தியது. கோட்டையிலிருந்து வடக்கே கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. டேனிஷ்காரர்கள் கப்பலில் பாய் கட்டுவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு. இந்தத் துறைக்குக் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டுப் பெயர் உண்டு. கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை அந்தக் கற்களில் மோதிச் சிதறும்போது உப்புத் துளி கோயில் சுவரில் தெறிக்கிறது. வேனில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை மதிலிலிருந்து இதைத் தூரத்தில் பார்த்து, "அது என்ன இடிஞ்ச கட்டடம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு ஊரைக் கடல் எப்படி அரித்துத் தின்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் இடம் தமிழகக் கரையில் அதிகம் இல்லை. அதைத் தவறவிட்டுவிட்டு, பழுது பார்த்து வெள்ளையும் மஞ்சளும் பூசிய கட்டடங்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறோம்.

இங்கே ஊரின் எதிரிகளை விட்டுவிட்டு ஊரின் நண்பர்களிடமும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்பவர்களுக்குப் பதிலாக அவர்கள் அள்ளிவிடும் பெருமைகள் சில, ஊரைக் கெடுக்கின்றன.

முதலாவது ஓசோன். தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கிறதாம். சுவாசித்தால் நோய் தீருமாம். சிலர் உலக வரிசையில் இடமே ஒதுக்கிவிட்டார்கள். யார் அளந்தார்கள், எந்த ஆண்டு, எந்தக் கருவியால் என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்தக் கதைக்கு ஐரோப்பாவில் வேர் இருக்கிறது. 1840 வாக்கில் ஷோன்பைன் என்ற வேதியியலர் ஓசோனைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்த பிறகு, கடற்காற்றின் குணமெல்லாம் அதனால்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நம்பினார்கள். கடற்கரை விடுதிக்காரர்கள் அதை விளம்பரத்தில் போட்டுக் காசு பார்த்தார்கள். கரையில் நம் மூக்கில் ஏறும் அந்தக் கடல் வாசனை, நீரில் மிதக்கும் நுண்பாசிகள் விடும் கந்தகச் சேர்மத்தின் வாசனை. ஓசோன் வானத்தில் உயரே இருக்கும்வரைதான் நமக்குக் குடை. தரைமட்டத்தில் அது வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் மாசு. நுரையீரலை எரிக்கும், ஆஸ்துமாக்காரரை மூச்சு முட்ட வைக்கும். எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்பது இந்திய அரசின் காற்றுத் தர வரம்பு. தரங்கம்பாடியில் நிஜமாகவே ஓசோன் கொட்டிக் கிடந்தால் வரவேற்புப் பலகையைக் கழற்றிவிட்டு எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். நல்லவேளை, அங்கே வீசுவது சாதாரணக் கடற்காற்று. அது போதாதா?

இரண்டாவது, இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் என்பது. இல்லை. கோவாவில் 1556இலேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியின் உண்மையான பெருமை வேறு. அதைப் பொய்யால் மூட வேண்டியதில்லை. டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரியாக 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் தாளவில்லை; சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதப் பஞ்சம் தீரப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டுப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த ஜெர்மன் நூல், ஹாலேயில் இருந்தவர்களுக்குப் பிடிக்காததால் கிடப்பில் போடப்பட்டு, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் இறந்து அப்போது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு.

மூன்றாவது, 'குட்டி டென்மார்க்'. இதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. ஊரில் ஐரோப்பியர்கள் எந்தக் காலத்திலும் சிறுபான்மை. பட்டினவர் குப்பம், முஸ்லிம் வணிகர்கள், நெசவாளர், பொற்கொல்லர், துபாஷிகள் என்று நிறைந்து வழிந்த தமிழ்த் துறைமுகம் இது. டேனிஷ் கொடி பறந்த காலத்தை எண்ணிப் பூரிப்பவர்கள், 1707 மே 12 அன்று சீயோன் ஆலயத்தில் சீகன்பால்கு குழுவினர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேர் யார் என்று கேட்டதுண்டா? டேனிஷ் எஜமானர் வீடுகளின் அடிமைகள். இந்தக் கரையில் ஆள் விற்பனையும் நடந்தது. 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் இன்றும் நிற்கிறது, கிங் தெருவில். உள்ளே போகிறவர்கள் கூரையையும் பீடத்தையும் படமெடுக்கிறார்கள். அந்த ஐந்து பேரை நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கோட்டை வேறு மாதிரி தெரியும்.

சரி, ஒன்றுமில்லை என்பவர்களிடம் திரும்புவோம். கடலோர ஊரில் செய்வதற்கு என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்களுக்கும் எனக்கும் தகராறு. அவர்கள் பட்டியலில் இருப்பது குளியல், படகுச் சவாரி, குதிரை, பஜ்ஜி. தரங்கம்பாடியில் குளிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கற்களும் இழுப்பும் உள்ள கரை, ஊர் மீனவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வாட்டர் ஸ்போர்ட்ஸ் கொண்டுவந்தால் ஊர் முன்னேறும் என்கிறார்கள். அந்தக் கடலில் கரைக்குக் கிட்டேயே வலை கிடக்கிறது. உங்கள் ஸ்கூட்டர் அதன் மேல் ஏறிப் போனால் நஷ்டம் யாருக்கு? கடற்கரை நமக்கு மைதானம், மீனவர்களுக்குப் பட்டறை. பட்டறையில் புகுந்து விளையாட இடம் கேட்கிறோம்.

அந்தப் பட்டறை ஓடும்போது பார்க்க வேண்டும். விடிந்தும் விடியாமலும் போனால் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வரும். வலையை உதறும்போது மத்தியும் காரலும் நெத்திலியும் வெள்ளி வெள்ளியாகத் தெறிக்கும். சிக்கிய நண்டின் காலை ஒடிக்காமல் நூலை விலக்கி எடுக்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குவியலைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். ஏலம் சத்தமாகத் தொடங்கி, கடைசி இரண்டு விலையில் முணுமுணுப்பாகி, சட்டென்று முடிந்துவிடும். யார் எடுத்தார் என்பது நமக்குப் புரிவதற்குள் அலுமினிய அன்னக்கூடை நிறைந்து, ஐஸ் விழுந்து, தலைக்கு ஏறியிருக்கும். கூடைக்காரம்மா ஒருவர் என் செல்பேசியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போட்டோ எடுத்தா கொழம்பு கொதிக்குமா தம்பி? அரை கிலோ வாங்கிக்க." வாங்கினேன். விலை அதிகம் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது; பரவாயில்லை.

நின்று கேட்டால் அரசியலும் கிடைக்கும். சுருக்குமடி வலை இந்த வட்டாரக் கடலோர ஊர்களை இரண்டு அணியாக்கிய விவகாரம். கூட்டம் கூட்டமாக வரும் மீனை ஒரே சுற்றில் வளைத்துச் சுருக்கி அள்ளும் வலை அது. தமிழக அரசு 2000ஆம் ஆண்டே தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. சிறு படகுக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் போனால் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும், சிறு படகு மீனுக்கு விலை ஏறியிருக்கும். எப்போது தொழிலுக்குப் போவது, எப்போது நிற்பது என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் எடை உண்டு. இதெல்லாம் எந்தப் பயணப் பட்டியலிலாவது இருக்கிறதா?

"பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோட்டை அருங்காட்சியகத்தின் பீங்கான் உடைசலை எந்தப் பிள்ளையும் ரசிக்காது. ஆனால் ஊருக்குள் ஒரு குளத்தங்கரையில், பனை மரத்தடியில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1791இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், தரங்கம்பாடியில் குளத்தோரப் பனை மரம் ஒன்றில் மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயஸ் சங்கம் 1797இல் அதை வெளியிட்டது. அந்த மீனைத்தான் நாம் பனையேறிக் கெண்டை என்கிறோம். அது நிஜமாக மரம் ஏறுமா, பறவை கவ்விப் போட்டதா என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டையிட்டார்கள். பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லட்டும். நீரை விட்டு வெளியே வந்து காற்றைச் சுவாசிக்கவும் தரையில் நகரவும் அந்த மீனால் முடியும் என்பது வரை சந்தேகமில்லை.

பெரியவர்களுக்குக் கறிவேப்பிலை இருக்கிறது. அதன் தாவரவியல் பெயரில் 'கோனிகீ' என்றொரு பகுதி வரும். லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்கார்ட் கோனிக்கின் பெயர் அது. 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், வைத்தியம் பார்த்த நேரம் போகச் செடிகளைத் தேடி அலைந்தார். அவரைச் சுற்றி உருவான குழு இந்தக் கடற்கரையின் செடி, மீன், சங்கு எல்லாவற்றையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களுக்கு நன்றியாக பெர்லின் மீனியலர் பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். நாம் குழம்பிலிருந்து எடுத்துத் தட்டோரம் ஒதுக்குகிற இலைக்கு இந்த ஊரோடு உறவு இருக்கிறது என்பதைக் கோட்டை வாசலில் எழுதி வைத்திருந்தால், கிரீடம் போட்ட முத்திரைகளைவிட அதற்கு அதிகக் கூட்டம் நின்றிருக்கும்.

ஆகவே கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விடியலில் கரை; வெயில் ஏறுமுன் மாசிலாமணிநாதர்; பிறகு 1792இல் கட்டிய நகர வாசலுக்குப் போய் அதன் வழியாக உள்ளே நுழைந்து கிங் தெருவில் நிதானமாக நடப்பது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. முப்பத்தாறு வயதில் இறந்தவர். குயின் தெருவையும் விட்டுவிட வேண்டாம். மதியம் ஊரைப் போலவே உண்டு உறங்குங்கள். மாலையில் கோட்டைக்குள் போனால், கவர்னர் ஹாசியஸோடு மோதியதற்காக சீகன்பால்குவை நான்கு மாதம் அடைத்து வைத்தது இதே கோட்டையில்தான் என்பது நினைவுக்கு வரும். அரசன் அனுப்பிய ஆளை அரசனின் அதிகாரியே சிறை வைத்தான். காலையிலிருந்து நடந்து வந்தவருக்கு அந்தச் சுவர்களைப் பார்த்தால் விளங்கும். நேராக உள்ளே வந்தவருக்கு அது சுவர்.

கடைசி ஆட்சேபம்: தங்க வசதி இல்லை, சாப்பாடு இல்லை. இதில் பாதி உண்மை. கடலைப் பார்த்த பாரம்பரிய விடுதியின் வாடகை எல்லாருக்கும் கட்டாது. ஊருக்குள் உணவகம் விரல்விட்டு எண்ணத்தக்கது. ஆனால் பொறையாறு கூப்பிடு தூரம். காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள். கல்யாணக் கூட்டத்துக்காகவே திருக்கடையூரில் லாட்ஜுகள் நிறைந்து கிடக்கின்றன. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த ரயிலை 1986இல் நிறுத்திவிட்டார்கள் என்பது மெய்யான குறை. அதற்காக யாராவது சண்டை போட்டால் நானும் வருகிறேன். மற்றபடி, வசதி வராததற்குக் காரணமே இந்த ஒரு மணி நேரப் பழக்கம்தான். யாரும் தங்காத ஊரில் யார் விடுதி கட்டுவார்கள்? ஒரு இரவு தங்குகிறவருக்குக் காலையில் இட்லி வேண்டும், மதியம் மீன் குழம்பு வேண்டும், பொறையாறு போய்வர ஆட்டோ வேண்டும், தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் கதை சொல்ல உள்ளூர்ப் பையன் ஒருவன் வேண்டும். இவ்வளவுக்கும் கொடுக்கும் பணம் ஊரில் தங்கும். வேனில் வந்து போகிறவருக்கு வேண்டியது வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும்தான்.